முகப்பு மாறக் கூடாத வீடு

ஜனவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பாரம்பரியப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. முடியாதாம். கீழே கையெழுத்துப் போட்டிருப்பது யாரோ ஒரு அம்மா. ஆனால் காரணம் என்று நடுவில் ஒரு வரி இருக்கிறதே, 'தெருவை நோக்கி வரிசையாக இறங்கும் வெளிப்புறக் கல்படிகளே இவ்வூரின் முகம். அதில் ஒரு பல் விழுந்தாலும் முகம் மாறிவிடும்' என்று, அது உன்னுடையது. பள்ளிக்கூடத்தில் உன் கட்டுரைகளையெல்லாம் உட்கார்ந்து படியெடுத்துக் கொடுத்தவள் நான். உன் நடை எனக்குத் தெரியாதா?

போனில் கேட்டிருக்கலாம். கடைக்கார அம்மா வீட்டு மாடி ஜன்னலில் தலையை நீட்டினால்தான் இங்கே சிக்னல் கிடைக்கிறது. டவர் வைத்தால் மலைமுகடு கெட்டுப்போகும் என்று தடுத்ததும் நீங்கள்தான். அதைவிட, பேசினால் நான் கத்திவிடுவேன். எழுதினால் கொஞ்சம் யோசித்துக் கத்தலாம்.

நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. கீழே முன்பு மாடு கட்டிய அறை, இப்போது விறகு கிடக்கிறதே, அதை நாங்கள் குடியிருக்கிற மாதிரி ஆக்க வேண்டும். அதன் கதவு குனிந்து நுழைகிற கதவு. சக்கர நாற்காலி நுழையாது. அகலப்படுத்தலாம் என்றால் கதவின் குறுக்கே நாங்கள் இருக்கிற மாடிக்கு ஏறும் கல்படிகள் போகின்றன. மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படியையும் வெச்சுக்கிட்டு வாசலையும் பெருசாக்க முடியாதும்மா. ரெண்டுல ஒண்ணுதான்."

உன் அத்தானுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் கீழே இறங்கினார். ஆஸ்பத்திரிக்கு. பக்கத்து வீட்டுத் தையல்காரரும் இன்னும் சிலரும் நாற்காலியோடு தூக்கினார்கள். பாதிப் படியில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. யாரும் விழவில்லை. ஆனால் அப்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பால் லாரியை அந்த மலைப்பாதையில் எந்த மழையிலும் நிறுத்தாமல் ஓட்டின மனுஷன். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் சொல்லிவிட்டார்: "இனிமே என்னைத் தூக்காதீங்க. நான் மூட்டை இல்ல." அன்றிலிருந்து மேலேதான். படுக்கை, ஜன்னல், படுக்கை.

உனக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது. உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். செய்.

அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படிக்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். அத்தானின் நிலைமை இந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. எப்போது கேட்டாலும் "இருக்கார், பரவாயில்ல" என்றுதானே சொல்வாய்.

அந்த வரி என்னுடையதுதான். எதிர்ச்சரிவில் நின்றுகொண்டு எழுதினேன். அங்கிருந்து பார்த்தால் நம் தெரு முழுவதும் தெரிகிறது. அத்தனை வீட்டுப் படிகளும் ஒரே பக்கமாக இறங்குகின்றன, ஒரே கல், ஆனால் ஒரு வீட்டுப் படி மாதிரி இன்னொரு வீட்டுப் படி இல்லை. கீழே ஓடை வளைகிற இடத்திலெல்லாம் உயிர்வேலியும் கூடவே வளைகிறது. இந்த வேலையில் எத்தனையோ ஊர்களைப் பார்த்துவிட்டேன் அக்கா. இப்படி ஒன்று வேறெங்கும் இல்லை. நம் ஊர் என்பதால் சொல்லவில்லை.

அடுத்த பள்ளத்தாக்கு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். ஒரு ஹோட்டலுக்கு ஒரே ஒரு வராந்தா அனுமதித்தார்கள். 'அவருக்குக் கொடுத்தீர்களே' என்று அடுத்தவர் வந்தார். இப்போது அங்கே போய் நின்றால் எந்த ஊரில் நிற்கிறோம் என்று சொல்ல முடியாது. பளபளப்பு டைல்ஸ், நீலத் தகரக் கூரை. நம் எதிர்ச்சரிவை ஓடைக்கரையோடு சேர்த்து ஒரு கம்பெனி வளைத்துப்போட்டிருப்பதும் உனக்குத் தெரியும். முழுக்க விடுமுறை வீடுகள் கட்டப் போகிறார்கள். இந்த விதி ஒன்றுதான் அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறது. ஒரு விலக்கு கிடைக்காதா என்று அவர்களுடைய வக்கீல் காத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் அதிகாரியின் அக்கா வீட்டுக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

பின்பக்கமாகக் கதவு வைக்க முடியுமா என்று மேஸ்திரியைக் கேட்டுப் பார். பின்பக்கத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

பின்பக்கமா? இந்த வீட்டுக்குப் பின்பக்கம் எங்கே இருக்கிறது? அடுப்படிச் சுவருக்குப் பின்னால் பாறை. தெருவில் எந்த வீட்டுக்கும் பின்பக்கம் கிடையாது. எதிர்ச்சரிவில் நின்று பார்த்தால் இதெல்லாம் தெரியாது போலிருக்கிறது.

உன் கடிதத்தை அவரே படித்துவிட்டார். இடது கையால் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறார். "நல்லா எழுதறான். படிச்சா எனக்கே ஊரைப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு" என்றார். அவர் கிண்டல் செய்கிறாரா நிஜமாகச் சொல்கிறாரா என்று இப்போதெல்லாம் எனக்கே பிடிபடுவதில்லை. வாய் ஒரு பக்கமாகத்தானே சிரிக்கிறது.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். காலையில் ஜன்னலோரம் உட்கார வைக்கிறேன். ஊர் பார்க்க வருகிறவர்கள் தெருவில் நின்று படம் எடுக்கிறார்கள். பூந்தொட்டி, படி, ஜன்னல், ஜன்னலில் ஒரு ஆள். கையாட்டுகிறார்கள். முதலில் இவரும் கையாட்டினார். போன வாரம் ஒரு பெண் கீழேயிருந்து கூப்பிட்டு, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். அன்றைக்கு ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டார். இப்போது அறையில் பகலிலும் விளக்கு.

நானும்தான் மேலே மாட்டிக்கொண்டிருக்கிறேன். கடைக்குப் போனால் பாதி சாமான் வாங்குவதற்குள் ஓடி வருகிறேன். தீ பிடித்தால் என்ன செய்வேன் என்று ஒரு நாள் நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அடுப்பைப் பற்ற வைக்கும்போதெல்லாம் அதே நினைப்புதான்.

ஊர் அழகாகத்தான் இருக்கிறது. யார் இல்லை என்றார்கள்?

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

மேலதிகாரியிடம் போனேன். குடியிருப்பவர்களில் நடக்க முடியாதவர்கள் இருந்தால் கீழ்த்தளக் கதவை மாற்றலாம் என்று பொதுவாகவே ஒரு திருத்தம் கொண்டுவரலாம், அப்போது அது யாருக்கும் காட்டும் சலுகை ஆகாது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "நல்ல யோசனைதான். இது உங்க அக்கா வீட்டுக்காகவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாமோ என்னவோ. கோப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். திருத்தம் குழுவுக்குப் போயிருக்கிறது. குழு எப்போது கூடும் என்று கேட்கக்கூட இப்போது எனக்கு உரிமை இல்லை.

ஒன்று கேட்கட்டுமா, கோபப்படாதே. கொஞ்ச நாளைக்கு நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்களேன். எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் இருக்கிறது. வாசல் வரை நாற்காலியிலேயே வரலாம். என் மனைவியும் வரச் சொல்கிறாள்.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். அவள் மனசு எனக்குத் தெரியும். அவரிடம் கேட்டேன். "இங்க ஒரு மாடியில கிடக்கேன். அங்க போய் இன்னொரு மாடியில கிடக்கணுமா?" என்றார். அத்தோடு முடிந்தது.

இதைக் கேள். அந்தக் கம்பெனிக்காரர் வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருக்கிறார், அதுதான் தொல்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். உன் அத்தானிடம் நேராகப் பேசினார். நோயாளியைப் பற்றி என்னிடம் கேட்கிற மாதிரி இல்லாமல், "உங்களுக்கு எங்க போகணும்னு தோணுதுங்க?" என்று அவரையே கேட்டார். இதுவரை யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. "ஓடைக்கு" என்றார் உன் அத்தான்.

விஷயம் இதுதான். இவர் பெயரில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இவர் கையெழுத்து மட்டும் போதும். எங்களுக்குக் கதவு கிடைக்கும். அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று நான் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "அந்த விதி போச்சுன்னா எங்களுக்கும் நல்லதுதாம்மா" என்றார்.

நான் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்காக இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உனக்காகத்தான். கொஞ்சம் அந்தச் சரிவுக்காகவும். அங்கே தகரக் கூரை வந்தால் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

அவர் போன பிறகு உன் அத்தான் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார், மருந்து குடித்தார், பேசவில்லை. உன் குழு சீக்கிரம் கூடட்டும்.

அக்கா


மார்ச் 16

அக்கா,

நன்றி என்ற வார்த்தை இதற்குச் சின்னது. குழு அடுத்த மாதம் கூடுகிறதாம். நான் வெளியிலிருந்து தள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன். கொஞ்சம் பொறு. அத்தானிடம் நான் சொன்னேன் என்று சொல்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். கடைக்கார அம்மாவை உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன். அந்த அம்மாவிடம் சொல்லிக் கம்பெனிக்காரருக்குப் போன் போட வைத்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது தெருமுனையில் அவருடைய கார் போய்க்கொண்டிருந்தது. மேலே ஏறினால் இவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விரலில் மை. இடது கையால் போட்டிருக்கிறார், பழக்கமில்லாத கை.

கத்தினேன். என்ன காரியம் செய்தீர்கள், என் தம்பி தலையில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று கத்தினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார், நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லையே, ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும்: "உன் தம்பி மலைக்காகப் பார்க்கறான். நீ உன் தம்பிக்காகப் பார்க்கறே. எனக்காக நான்தானே பார்க்கணும்."

நான் இந்த மனுஷனுக்காகத்தான் இவ்வளவு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

உன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. பயம்தான் இருக்கிறது. உன்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிடுவார்களா?

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

கூப்பிட்டார்கள். நோயாளியின் வழக்கு என்று கோர்ட் அவசரமாக எடுத்துக்கொண்டது, கம்பெனி வக்கீல்தான் என்னைக் கூப்பிட்டார். நீ வேறு யாரிடமிருந்தோ கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

சின்ன அறை. ஜன்னல் எல்லாம் மேலே, சுவருக்கும் கூரைக்கும் நடுவில். மின்விசிறி ஒரு பக்கம்தான் ஓடியது. வக்கீல் என் அறிக்கையை என் கையில் கொடுத்து அந்த வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த இடத்தில் படித்தபோது 'பல்' என்று எழுதியதற்கு யாரோ சிரித்தார்கள்.

"நீங்க எழுதினதா?"

"ஆமா."

"வழக்குப் போட்டிருக்கறவர் வீட்டை உங்களுக்குத் தெரியுமா?"

"அது என் அக்கா வீடு."

"அப்படியா. சரி, அந்த ஒரு வீட்டுப் படியை இடிச்சா ஊர் கெட்டுப்போயிடுமா?"

எங்கள் அலுவலக வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டுப்போகும் என்றேன்.

"அப்போ உங்க அத்தான் மேலயே கிடக்கணும்?"

"கூடாது. அவர் இறங்கணும்."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார்."

"ரெண்டும்தான்" என்றேன். "ரெண்டும் உண்மை." வேறு என்ன சொல்வது? குடியிருப்பவர்களுக்கு மட்டும் வழிவிட்டு, எதிர்ச்சரிவைத் தொடாமல் விடுங்கள் என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார்.

இன்று தீர்ப்பு வந்தது. வாழ்கிற மனிதரை யோசிக்காமல் எழுதிய விதி செல்லாது. புதிதாக எழுதும்வரை பழைய விதி எங்கேயும் அமலில் இருக்காது. நம் தெருவுக்கும் இல்லை, எதிர்ச்சரிவுக்கும் இல்லை. குழு அந்தத் திருத்தத்தை இன்னும் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் விதி தப்பித்திருக்கும்.

அலுவலகத்தில் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடுவதில்லை. இரண்டு பக்கத்தாரும் என்னைத் தங்கள் ஆள் இல்லை என்று நினைக்கிறார்கள்.

கதவை நன்றாக அகலமாக வையுங்கள்.

தம்பி


செப்டம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. வீடு முழுக்கத் தூசி, வேலை.

படியை இடிக்கும் முன்னால் அவரைக் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது. மறுபடி தையல்காரரும் மற்றவர்களும்தான். இந்தத் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேலை முடிகிறவரை கடைக்கார அம்மா வீட்டில் இருந்தோம். பழைய கல் லேசில் பெயரவில்லை. மேஸ்திரியின் ஆட்கள் மாறி மாறி அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் நான் காதைப் பொத்திக்கொண்டேன், அவர் மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது கீழறையில் இருக்கிறோம். வெளிச்சம் கொஞ்சம் குறைவு, மற்றபடி நன்றாக இருக்கிறது. மேலே போக உள்ளுக்குள்ளேயே ஒரு மர ஏணி. போன வாரம் முதல் தடவையாக அவரை நாற்காலியில் வைத்துத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். தெருக்காரர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அழுதார். நானும்தான்.

"ஓடைக்குப் போலாம்" என்றார்.

தள்ளிக்கொண்டு போனேன். சந்து திரும்புகிற இடத்தில், இரண்டு பக்கமும் உயிர்வேலி இருக்குமே, நாம் குனிந்து போவோமே, அங்கே வேலி இல்லை தம்பி. வேரோடு எடுத்துவிட்டார்கள். ஆள் உயரத்துக்குமேல் தகரம் அடைத்திருக்கிறார்கள். ஓடைக்குப் போகும் வழி அதற்குள்ளே மாட்டிக்கொண்டது. தகரத்தின்மேல் பெரிய படம் வரைந்திருக்கிறார்கள், வரப்போகிற வீடுகளின் படம். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே கல்படி. நம் ஊர்ப் படி மாதிரியே. படி ஏறிப் போய்ச் சுவரில் முடிகிறது, மேலே கதவே இல்லை. அழகுக்காம். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, என்னால் பேசக்கூட முடியவில்லை.

அவர் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு "திருப்பு" என்றார்.

தெருவையும் சொல்லிவிடுகிறேன், நீ எப்படியும் பார்க்கத்தான் போகிறாய். தையல்காரர் வீட்டுப் படி போய்விட்டது. அவருக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்கூட்டர் நிறுத்துவதற்காக. அதற்கடுத்த வீட்டில் ஷட்டர் போட்டு, சுவருக்குப் பளபளப்பு டைல்ஸ். அவர்களைக் கேட்டால் எங்கள் வீட்டைக் கை காட்டுகிறார்கள். நீ சொன்னபடியேதான் நடக்கிறது. சொன்னேனே என்று நீ எழுதாமல் இருப்பதற்கு நன்றி.

இப்போது அவர் வாசல் வரை வருகிறார். அதற்குமேல் போகக் கேட்பதில்லை. நேற்று என்னிடம் ஒன்று சொன்னார், உனக்கு எழுதச் சொல்லி. "நான் செஞ்சது தப்பான்னு அவனைக் கேக்காதே. என் இடத்துல அவன் இருந்திருந்தா கையெழுத்துப் போட்டிருப்பானா, மாட்டானான்னு மட்டும் கேளு."

கேட்டுவிட்டேன்.

அக்கா


செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அத்தானிடம் கொடுத்துவிடு. மீதி அவருக்கு.

அத்தான், போட்டிருப்பேன். உங்களைவிடச் சீக்கிரமாகவே போட்டிருப்பேன். அக்கா டவுனுக்குப் போகிறவரை காத்திருந்திருக்க மாட்டேன்.

அந்த அறிக்கையை மறுபடி எழுதச் சொன்னாலும் அதே வரியைத்தான் எழுதுவேன். இதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. இந்த இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் சொல்ல முடியும் என்று கோர்ட்டில் கேட்டார்கள். அன்றிலிருந்து நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

புதிய விதி எழுத வேண்டுமாம். மிச்சம் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்து எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள், என்னைத்தான். வேறு யாரும் இந்த வேலைக்கு வரத் தயாராக இல்லை. அடுத்த திங்கட்கிழமை வருகிறேன். எதிர்ச்சரிவில் நிற்க இனி இடம் கிடையாது. தெருவில் நின்று, வீடு வீடாகப் பார்த்துத்தான் எழுதியாக வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வரும்போது என்ன எழுதுவேன் என்று எனக்கு இப்போது தெரியவில்லை. எழுதி முடிக்கிறவரை நீங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருங்கள்.

தம்பி